ஐந்து மணி வரைக்கும்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
16-9-1979

என் தம்பி மகன் பலராமனுக்கு, பெரியப்பா கண்ணையனின் ஆசி. இங்கே நானும் உன் அப்பா அம்மாவும் சுகம். பிலாயில் நீயும் மருமகள் வேம்புவும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல உன் அப்பா எழுதியவை. இது நானே எழுதுவது. அறுபத்தாறு வயதில்! கோயில் கொட்டகையில் ஸ்டெல்லாமேரி டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் சாயங்காலப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் 'க' வரைக்கும் வந்துவிட்டு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. மில்லில் சம்பளம் வாங்கிய காலமெல்லாம் கட்டைவிரலை நீட்டியவன், இப்போது அந்த விரலால் பேனா பிடிக்கிறேன்.

தெருவில் நடக்க இப்போது ரொம்ப நேரம் ஆகிறது. கடைப் பலகை ஒன்றையும் விடுவதில்லை. மில் மதிலில் பெரிதாக எழுதியிருக்கிறதே, அதை நான் ஏதோ சாமி பேர் என்று நினைத்திருந்தேன். போன வாரம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இங்கு அசுத்தம் செய்யாதீர்' என்றிருக்கிறது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அண்ணன் எழுத ஆரம்பிச்சிட்டாரு, இனிமே போஸ்ட்மேன் பாடு திண்டாட்டம்தான்" என்று சங்க ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வருகிற தேர்தலில் கட்சி அவனை நிறுத்தும் என்று பேச்சு. மில் தொழிலாளி எல்லோரும் சங்கத் தலைவர் அரிகிருஷ்ணன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவார்கள். உன் அம்மாவுக்குத்தான் கவலை. ரத்தக்கொதிப்பு மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு விழுங்க மறந்துவிடுகிறான். எழுத இன்னும் ஆசை இருக்கிறது, கை வலிக்கிறது. பாப்பாவை முத்தமிட்டதாகச் சொல்.

உன் பெரியப்பா,
கண்ணையன் (என் கையெழுத்து)

&nbsp;

பிலாய்
2-10-1979

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு பலராமன் வணக்கம். நாங்கள் மூவரும் நலமே. உங்கள் மூவரின் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதத்தை வேம்பு சத்தமாகப் படித்தாள். நான் ஷிப்டுக்குக் கொண்டுபோய் நம் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் காட்டினேன். மதில் கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

பெரியப்பா, ஒன்று கேட்கவேண்டும். அப்பா என்னிடம் இந்தப் பேச்சையே எடுக்கவிட மாட்டேன் என்கிறார். இங்கே குளிர்காலம் வந்தால் பாப்பாவுக்கு இழுப்பு வந்துவிடுகிறது. போன வருஷம் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா கட்சியில் ஒரு வார்த்தை சொன்னால் புதுச்சேரியிலேயே எனக்கு ஏதாவது அரசாங்க வேலை ஆகிவிடும். "எம் மவனுக்குன்னு எவன் வாசப்படியிலயும் நிக்க மாட்டேன்" என்று எழுதிவிட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். அம்மாவிடமும் சொல்லிப் பாருங்கள். கையை ரொம்ப வருத்திக்கொள்ளாமல் எழுதுங்கள்.

தங்கள் மகன்,
பலராமன்

&nbsp;

புதுச்சேரி
13-12-1979

பலராமா, நீ திடமாக இருக்கவேண்டும் என்று முதலில் எழுதுகிறேன். தந்தி வந்திருக்கும். தந்தியில் விவரம் சொல்ல முடியாது.

உன் அப்பா மனுத்தாக்கல் செய்த ஐந்தாம் நாள் காலையில் ஓட்டுக் கேட்கக் கிளம்பினான். வேட்டியைக் கட்டிக்கொண்டே சுவரோடு சரிந்துவிட்டான். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. காரில் தலையை என் மடியில் வைத்திருந்தேன். அப்போது பேச்சு இருந்தது, குழறலாக. "அண்ணே, என்ன ஆனாலும் ஊட்டுக்குக் கொண்டாந்துடு. வெளிய போட்டுடாத. குஞ்சு கையால பால் ஊத்தச் சொல்லு" என்றான். இரண்டு தடவை சொன்னான். உன் அம்மாவை அவன் குஞ்சு என்றுதானே கூப்பிடுவான். உன் அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினாள். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

பெரிய ஆசுபத்திரியில் வயதான டாக்டர் ஒருவர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மூளைக்குள் ரத்தம் பெருகிவிட்டதாம். அவன் இனி கண் விழிக்க மாட்டானாம். ஒன்றிரண்டு நாள் தாங்கும், விருப்பமிருந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், கஷ்டமில்லாமல் போவார் என்றார். உன் அம்மா அழவில்லை. வீட்டில் கூடத்தைக் கழுவிவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னாள்.

நான் வண்டி பார்க்க வெளியே வந்தேன். அதற்குள் கட்சியின் வட்டச் செயலாளர் ஆதிமூலம் நாலு காரில் ஆட்களோடு வந்துவிட்டான். உன் அப்பாவைக் கட்சிக்கார டாக்டர் ஒருவரின் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப் போனார்கள். மறுநாள் சென்னையிலிருந்து மூச்சு மிஷின் வந்தது. வேனில் கட்சிக்கொடி கட்டி, மேளம் அடித்து, மிஷினுக்கு ரோஜாப்பூ மாலை போட்டு இறக்கினார்கள். யார் உபயம் என்று பலகை வேறு தொங்குகிறது. எனக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே, அதையும் படித்தேன். உன் அப்பாவின் தொண்டையில் துளை போட்டு அதில் குழாயைச் சொருகிவிட்டார்கள். மிஷின் ஊதும்போது நெஞ்சு தூக்குகிறது. நிறுத்தும்போது இறங்குகிறது.

வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்று உன் அம்மா கேட்டாள். பெண்பிள்ளை சொன்னால் போதாது, மகன் சொல்லட்டும் என்கிறார் நர்சிங் ஹோம் டாக்டர். நீ உடனே புறப்பட்டு வா. வந்து ஒரு வார்த்தை சொல். வழிக்கு வேம்புவிடம் கட்டுச்சோறு வாங்கிக்கொள், ரயிலில் கண்டதைத் தின்னாதே.

கண்ணையன்

&nbsp;

பிலாய்
19-12-1979

பெரியப்பாவுக்கு வணக்கம். இங்கே நாங்கள் இருக்கிறோம். பாப்பாவுக்கு இழுப்பு வந்து தணிந்திருக்கிறது. அம்மா எப்படி இருக்கிறாள்?

தந்தி கிடைத்ததும் லீவு எழுதிக்கொடுத்தேன். ஆலையில் உலையைப் பழுதுபார்க்கும் வேலை நடப்பதால் யாரையும் விடவில்லை. வேறு வழியில் முயற்சி செய்கிறேன். ஆதிமூலம் அண்ணன் டிரங்க்கால் போட்டுப் பேசினார். மிக நல்ல முறையில் பேசினார். அப்பாவுக்குக் குறை எதுவும் வைக்கவில்லை என்றார். டாக்டர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்.

தங்கள் மகன்,
பலராமன்

&nbsp;

புதுச்சேரி
24-12-1979

பலராமனுக்கு. உன் கடிதம் வந்தது. பாப்பாவுக்குத் தணிந்தது கேட்டு நிம்மதி. உன் அம்மா ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். மற்றபடி நடமாடுகிறாள்.

பொறுத்துப் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறாய். எதுவரைக்கும் பொறுக்கவேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். மூன்றாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும். ஓட்டுப் பெட்டியை மூடுகிற நேரம் அது. வேட்பாளர் அதற்கு முன் செத்துப்போனால் இந்தத் தொகுதியில் தேர்தலை நிறுத்திவிடுவார்களாம். பிறகு வேறு நாள், வேறு ஆள். இப்போது ஊரே உன் அப்பாவுக்காக உருகிக்கொண்டிருக்கிறது. இந்த உருக்கம் ஆறுவதற்குள் ஓட்டாக்கிவிட வேண்டும். ஜெயித்த பிறகு செத்தால் கட்சிக்கு நஷ்டமில்லை. இதை நான் யூகித்து எழுதவில்லை. ஆதிமூலம் நம் கூடத்தில் உட்கார்ந்து, உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான். "அஞ்சு மணி வரைக்கும் அண்ணன் இருக்கணும் அக்கா. அப்புறம் ஆண்டவன் விட்ட வழி" என்றான். உன் அம்மா டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டுபோய் மூன்று தடவை கழுவினாள்.

இனி நான் செய்த காரியத்தைக் கேள். நீ எப்படியும் வந்துவிடுவாய் என்று நம்பினேன். நம் பக்கத்தில், இழுத்துக்கொண்டிருக்கிற ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பார்க்கத் தெருவே வரும். அவர்களுக்கு நிழல் வேண்டும், உட்காரப் பெஞ்சு வேண்டும். அதனால் வியாழக்கிழமை கீற்று வாங்கி வாசலில் பந்தல் போட்டேன். சில்லறைச் சாமான் முதல் நானே கடைக்குப் போய், பலகை படித்து, வாங்கி வந்தேன். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் வாசலில் பந்தல் போட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசிக் கீற்றைக் கட்டி முடிக்கவில்லை, அரிகிருஷ்ணன் செத்துவிட்டான், கட்சி மறைக்கிறது என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எதிர்க்கட்சி வேட்பாளர் பெரிய மாலையோடு வந்துவிட்டார். கூடவே பத்திரிகைக்காரர் ஒருவர். உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, உன் புருஷன் பிணத்தை வைத்து ஓட்டு வாங்கப் பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை சொல் தாயே, நான் கூட நின்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்றார். குரல் தழுதழுத்தது. கண்ணெல்லாம் பத்திரிகைக்காரரின் பென்சில் மேல். அவருக்கும் தேர்தல் நின்றால்தான் லாபம், இந்த அலையில் அவர் தேற மாட்டார். உன் அம்மா கையை உருவிக்கொண்டாள். "எம் புருஷன் உசுரோட இருக்காரு. மாலைய எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அவர் போனார். மாலையை வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் இவர்கள் வந்தார்கள். "அண்ணனுக்குச் சாவுப் பந்தல் போட்டவன் எவன்டா?" என்று கேட்டுக்கொண்டே கீற்றைப் பிய்த்தார்கள். எல்லாம் என்னோடு தறி ஓட்டியவர்களின் பிள்ளைகள். ஒருவன் என்னைத் தள்ளினான். முழங்கை சிராய்த்ததோடு சரி, பயப்படாதே. உன் அம்மா எதிர்க்கட்சியிடம் கைநீட்டிவிட்டாள், அதனால்தான் புருஷனைச் சாகடிக்கத் துடிக்கிறாள் என்று அன்று சாயங்காலக் கூட்டத்திலேயே மைக்கில் சொன்னார்கள். இப்போது நர்சிங் ஹோம் வாசலில் தொண்டர் காவல். ஆதிமூலம் சொன்னால்தான் உன் அம்மா உள்ளே போகலாம்.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் மூலையில் நின்று கேட்டேன். "தலைவரின் ஒரே மகன் பிலாயிலிருந்து தந்தி அடித்திருக்கிறார். என் தந்தையைக் காப்பாற்றுங்கள், சிகிச்சையை நிறுத்த யார் சொன்னாலும் கேட்காதீர்கள் என்று கண்ணீரோடு கேட்டிருக்கிறார்" என்று ஆதிமூலம் வாசித்தான். ஜனம் அழுதது.

அது நீ அடித்ததுதானா? வேறொன்றும் எழுதவேண்டாம். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. குளிர் அதிகமென்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு போ.

கண்ணையன்

&nbsp;

புதுச்சேரி
29-12-1979

பலராமா, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வழியில் இருக்கிறதோ என்னவோ. நீங்கள் சுகமாக இருக்கவேண்டும்.

எனக்கு எழுத்து வந்ததை நினைத்து இன்னமும் காலையில் எழுந்தால் ஒரு சந்தோஷம் வருகிறது. பொய் சொல்வானேன். பேனாவைத் திறந்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த எழுத்தால் நான் எழுதவேண்டியிருப்பதைப் பார்.

நேற்று உன் அம்மாவை அவர்களே வந்து அழைத்துப்போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். படம் எடுக்க அவள் தேவைப்பட்டாள். உன் அப்பாவுக்கு முகம் மழித்து, மீசைக்குக் கறுப்பு மை தடவி, கன்னத்தில் பவுடர் போட்டு, கழுத்துக் குழாய் தெரியாதபடி கட்சித் துண்டைச் சுற்றிவிட்டிருந்தார்கள். தலையணைக்குப் பின்னால் ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்தான். உன் அப்பாவின் முழங்கையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தான். இன்னொருவன் இமையை விரலால் விலக்கினான், படம் எடுக்கும்போது விரலை எடுத்துக்கொண்டான். "அக்கா, கொஞ்சம் சிரிச்ச மொகமா" என்றான் படக்காரன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிஷின் புஸ், புஸ் என்று ஊதிக்கொண்டே இருந்தது. முதுகில் புண் வந்துவிட்டது, நாற்றம் வருகிறது. ஊதுபத்தி கொளுத்தி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்து தெருமுனைச் சாக்கடையில் உன் அம்மா வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, அவரப் பொம்ம மாரி ஆட்டுறாங்க" என்றாள்.

இன்று நோட்டீஸ் வந்துவிட்டது. 'தலைவர் தேறிவிட்டார். கையசைத்து வாழ்த்தினார்.' நானே படித்தேன். கல்யாண நோட்டீஸ் மாதிரி மஞ்சள் தாள். இரண்டாவது தடவை படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

நீ ஒரு தந்தி அடி. 'என் தந்தையை வீட்டுக்கு அனுப்பவும்' என்று மட்டும் அடி. அவன் கேட்டது அவ்வளவுதான்.

பெரியப்பா

&nbsp;

பிலாய்
1-1-1980

பெரியப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். பிறக்கும் வருஷம் நம் குடும்பத்துக்கு நல்லதாக அமையட்டும். நாங்கள் நலம். பாப்பா உங்களைப் படத்தில் காட்டினால் "எழுதுற தாத்தா" என்கிறாள்.

உங்கள் கடிதங்களைப் படித்தேன். அவற்றுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தேன். எந்த மகனாவது தன் அப்பாவின் மூச்சை நிறுத்து என்று எழுதிக்கொடுப்பானா? அப்படி எழுதிவிட்டு நான் எப்படித் தூங்குவேன்? காப்பாற்று என்று சொல்வதில் என்ன தவறு இருக்கிறது? நீங்கள் அங்கே பார்ப்பது வேறு, இங்கே எனக்குச் சொல்லப்படுவது வேறு. ஆதிமூலம் அண்ணன் இரண்டு முறை பேசினார். நம் குடும்பத்தைக் கட்சி கைவிடாது என்று உறுதியாகச் சொன்னார். வேம்புவிடமும் பேசினார்.

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் வெயிலில் அலையவேண்டாம்.

பலராமன்

&nbsp;

புதுச்சேரி
9-1-1980

பலராமனுக்கு. உன் கடிதம் ஏழாம் தேதி கைக்கு வந்தது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் மூவரும் நன்றாக இருக்கவேண்டும்.

நீ கருமாதிக்கு வருவதாகத் தந்தி கொடுத்திருக்கிறாய். வந்தால் ஊர் உன்னிடம் ஒரு கதை சொல்லும். சுவரொட்டியிலும் அதுதான் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. ஒரு வரி எழுதுவேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

மூன்றாம் தேதி காலையிலேயே தெருவெல்லாம் வரிசை. உன் அப்பா பேரைச் சொல்லி அழுதுகொண்டே ஓட்டுப் போட்டார்கள். நானும் போட்டேன். முதல் தடவையாகச் சீட்டில் இருந்த பேரைப் படித்துப் போட்டேன். தம்பி பேர் அச்சில் அழகாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு ஓட்டுப் போடுவது முடிந்தது. ஐந்தரைக்கு ஆதிமூலம் ஜீப்பில் வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அண்ணன ஊட்டுக்கு அழைச்சாரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒங்க ஆசப்படியே ஆவட்டும்" என்றான். உன் அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். "மணி என்ன ஆச்சி?" என்று கேட்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை இழுத்து அதை மூடினான்.

நாங்கள் புறப்படுவதற்குள் அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள். முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் கார்கள். நான் கூடத்தைக் கழுவி, கயிற்றுக் கட்டிலில் பாய் விரித்து வைத்திருந்தேன். அதில் கிடத்தினார்கள். குழாயை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. கணுக்காலுக்கு மேலும் சில்லிட்டிருந்தது. விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. உன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உன் அப்பா வீட்டுக்கு வரவில்லை, பலராமா. அவன் அங்கேயே போய்விட்டான். எப்போது போனான் என்று அந்த டாக்டருக்கும் ஆதிமூலத்துக்கும்தான் தெரியும். மிஷின் ஊதினால் பிணத்துக்கும் நெஞ்சு தூக்கும்.

"இன்னும் மூச்சு இருக்கு, பால் ஊத்துங்க, பால் ஊத்துங்க" என்று ஆதிமூலம் சத்தம் போட்டான். கட்சித் தலைவர் காரிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளி டம்ளர் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். மகனும் பெண்டாட்டியும் ஊற்றவேண்டிய முதல் பாலைத் தலைவர் ஊற்றினார். படக்காரன், "இன்னொரு தடவ ஐயா, லைட்டு மறைக்குது" என்றான். இன்னொரு தடவை ஊற்றினார். அடுத்து ஆதிமூலம். பிறகு மகளிர் அணி. பிறகு யார் யாரோ. பால் தொண்டையில் இறங்காமல் கழுத்தில் ஒட்டியிருந்த பஞ்சு வழியாக வெளியே வந்து பாயில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே வரிசையாக வந்து ஊற்றினார்கள்.

கடைசியில் டம்ளரை உன் அம்மாவிடம் நீட்டினார்கள். படக்காரன் தயாராக இருந்தான். அவள் வாங்கவில்லை. முந்தானையால் உன் அப்பாவின் கழுத்தைத் துடைத்தாள், வாயைத் துடைத்தாள், மீசையைத் துடைத்தாள். மை முந்தானையில் இறங்கி நரை தெரிந்தது. பிறகு அவன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "பொணத்துக்கு எதுக்குப் பாலு?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கிட்டே நின்றவர்களுக்குக் கேட்டது. ஆதிமூலம் சட்டென்று, "அக்காவுக்கு அதிர்ச்சி, தள்ளி நில்லுங்க" என்று எல்லோரையும் விலக்கினான்.

மனைவி மடியில், வெற்றிச் செய்தி கேட்டுப் புன்னகையோடு உயிர்நீத்தார் என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. அவன் போனதற்கு மூன்றாம் நாள்தான் ஓட்டே எண்ணினார்கள்.

நேற்று எதிர்க்கட்சிக்காரரும் வந்தார். பாதம் சில்லிட்டிருந்ததை நான் யாரிடமோ சொல்லியிருந்தேன். மத்தியானமே செத்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கோர்ட்டுக்குப் போகலாம், உங்களுக்குத்தான் கையெழுத்து வருமாமே என்றார். எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது என்றேன். தெரியாவிட்டால் என்ன, போடுங்கள் என்றார். வாசலைக் காட்டினேன். இவர் கொண்டுவந்த மாலையின் வாடை இன்னும் வாசலில் இருக்கிறது. அவர்கள் ஐந்து மணிக்கு முன்னால் சாகக்கூடாது என்றார்கள். இவர் ஐந்து மணிக்கு முன்னால் செத்திருக்கவேண்டும் என்கிறார். என் தம்பி எப்படிச் சாக நினைத்தான் என்று கேட்க ஒரு நாய் இல்லை.

வரும்போது பாப்பாவை அழைத்துவராதே, ரயிலில் சளி பிடிக்கும்.

கண்ணையன்

&nbsp;

பிலாய்
2-3-1980

பெரியப்பாவுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது? அவளுக்கு நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. நீங்கள் படித்துக் காட்டினீர்களா?

கருமாதிக்கு வந்தபோது உங்களோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. கட்சி ஆபீசிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். நீங்களும் ஒதுங்கியே இருந்தீர்கள். அம்மா எனக்குச் சோறு போட்டாள், முகம் பார்த்துப் பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறோம். அப்பாவின் தொகுதிக்கு இடைத்தேர்தல் வருகிறது. கட்சி என்னை நிற்கச் சொல்கிறது. முதலில் மறுக்கத்தான் நினைத்தேன். அப்பா விட்ட வேலையை மகன்தான் முடிக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாப்பாவுக்கும் கடற்காற்று நல்லது.

முதல் கூட்டத்தில் அம்மா மேடையில் என் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று விரும்புகிறார்கள். பேசவேண்டாம், உட்கார்ந்தால் போதும். அவள் அன்று ஏதோ சொன்னாள் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். அவள் வந்து உட்கார்ந்துவிட்டால் அது அடங்கிவிடும். நீங்கள்தான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். உங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள்.

தங்கள் மகன்,
பலராமன்

&nbsp;

புதுச்சேரி
16-3-1980

பலராமனுக்கு பெரியப்பா எழுதுவது. உன் அம்மாவுக்குச் சுகம் பரவாயில்லை. இரண்டு வேளை சாப்பிடுகிறாள். எனக்கு இடது கண்ணில் புரை என்கிறார்கள். டீச்சர் பெரிய எழுத்துப் புத்தகம் தேடிக் கொடுத்திருக்கிறார், அதைக் கடகடவென்று படித்துவிடுகிறேன்.

உன் கடிதங்களை எல்லாம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்தக் கடைசிக் கடிதத்தையும் காட்டினேன். நீ சொன்னபடி பக்குவமாக எடுத்துச் சொல்லவில்லை. ஒரு எழுத்து விடாமல் அப்படியே படித்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

தந்தி நீ அடித்ததா என்று நான் டிசம்பரில் கேட்டேன். அதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. இனி எழுதவேண்டாம். உன்னைப் பற்றி நான் நினைப்பது முழுவதும் தப்பாகவும் இருக்கலாம். காப்பாற்று என்று ஒரு மகன் சொல்வது சரிதான் என்று பல நாள் படுத்துக்கொண்டு யோசித்தேன். பாப்பாவின் இழுப்பையும் யோசித்தேன். ஆனால் அந்தத் தந்தி வந்த நாளிலிருந்து ஐந்து மணி வரைக்கும் உன் அப்பாவைக் குடைந்த புண்ணின் வாடையை நீ முகரவில்லை. நான் முகர்ந்தேன். சோற்றில் கைவைத்தால் இப்போதும் அது வருகிறது. நீ இங்கே இருந்திருந்தால் ஒரு நாளில் நிறுத்தியிருப்பாய். அதனால்தான் நீ வரவில்லையோ என்றும் நினைக்கிறேன்.

நீ தேர்தலில் நில். நிற்கவேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஜெயித்துவிடுவாய். எனக்கு ஓட்டு இருக்கிறது, அதை யாருக்குப் போடுவது என்று பேர்களைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன்.

மேடைக்கு அவள் வர மாட்டாள். இதை மட்டும் சொல்லியிருந்தால் என் கடிதம் இங்கே முடிந்திருக்கும். அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்து, எழுதிக்கோங்க மாமா என்றாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். இடையில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

"எனக்கு மேலுக்கு முடியாமப் போச்சின்னா பலராமனுக்குத் தந்தி குடுக்க வேணாம். இதே ஊர்ல இருந்தாலும் ஆள் விட வேணாம். ஆசுபத்திரிக்கும் தூக்க வேணாம். இந்தக் கூடத்துலயே கெடக்கறேன். பால நீங்க ஊத்துங்க. நீங்க முந்திப் போயிட்டா எதுத்த ஊட்டு ஆயம்மா ஊத்தட்டும், அவகிட்ட சொல்லிட்டேன். அவன் வந்து சேந்தான்னா சோறு போடுங்க. பால் டம்ளர மட்டும் அவன் கையில குடுக்காதீங்க."

இதை எழுதும்போது இரண்டு தடவை நிறுத்தினேன். பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற பேச்சா என்று கேட்டேன். எழுதியாச்சா என்று மட்டும் கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். சரி என்று எழுந்து உலை வைக்கப் போனாள்.

வேம்புவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். மூட்டை முடிச்சோடு வருகிறீர்கள், ரயிலில் கம்பளியை மேலே கட்டாதே, பாப்பாவுக்குக் கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்.

கண்ணையன்